மேலவை பாக்கி

மார்ச் மாதம் வந்தால் என் மனைவி மகேஸ்வரிக்குப் புருஷன், பிள்ளை, அடுப்பு எதுவும் கண்ணில் தெரியாது. செம்பூரில் பள்ளிக்கூட விஷயங்களைக் கவனிக்கும் ஓர் அமைப்பில் அவளுக்கு வேலை. மகாராஷ்டிர சட்டமன்றம் கூடியிருக்கும் வாரங்களில் கல்வி சம்பந்தமாக என்ன மசோதா வருகிறது, எந்த அவையில் நிற்கிறது, யார் என்ன திருத்தம் கொடுத்தார்கள் என்று பின்தொடர்ந்து போய் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். வீட்டிலும் அதே பூஜைதான். நேரலையை மொபைலில் ஓடவிட்டுக்கொண்டே பால் காய்ச்சுவாள். பால் பொங்கும், அவள் அசைய மாட்டாள். மந்திரி பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மந்திரியா வந்து அடுப்பைத் துடைப்பார்? நான்தான் துடைப்பேன்.

என் பெயர் ரமேஷ்குமார். தாராவியில் பெல்ட், பர்ஸ் விற்கும் கடை. எனக்குக் கோபம் சட்டென்று வரும், கேட்டால் தெருவே சொல்லும். ஆனால் இந்த வருஷம் தெருவே கோபப்பட்டபோது நிதானமாக நின்றவள் என் பெண்டாட்டி ஒருத்திதான். அதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் மகள் இசக்கி தமிழ்வழிப் பள்ளியில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அப்போது வந்தது அந்த மசோதா. பிள்ளைகள் குறைவாக உள்ள வகுப்புகளை மூடி, பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று அதில் ஒரு பிரிவு. பக்கத்துப் பள்ளி எந்த மொழியில் நடக்கிறது என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. எங்கள் பள்ளியின் ஒன்பதாவதும் பத்தாவதும் அதில் போய்விடும். எட்டு வருஷம் தமிழில் படித்த பிள்ளை, ஜூன் மாதம் மராத்தியில் அறிவியல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்க வேண்டும். நிறையப் பேர், அதிலும் பெண் பிள்ளைகள், படிப்பையே விட்டுவிடுவார்கள். இசக்கியை நினைத்து எனக்குத் தூக்கம் போனது.

ஒரு புதன்கிழமை மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. அன்று சாயங்காலமே பெற்றோர் சங்கத் தலைவர் சிவனாண்டி அண்ணாச்சி கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார். அவருக்குப் பலசரக்குக் கடை. அவர் சொன்னால் எங்கள் பக்கம் மறுபேச்சு கிடையாது. அவர் பேத்தி அன்னத்தாயும் இசக்கி வகுப்புதான். சட்டம் வந்தாயிற்று, கழுத்தைப் பிடித்துத் தள்ளும்வரை காத்திருக்க நாம் என்ன மானங்கெட்டவர்களா, திங்கட்கிழமை எல்லாரும் ஊர்வலமாகப் போய் டி.சி. வாங்கிவிடுவோம் என்றார். எங்கள் ஆட்களுக்கு ரோஷத்துக்குக் கேட்க வேண்டுமா? கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து மகேஸ்வரி எழுந்தாள். அலுவலகத்திலிருந்து நேராக வந்திருந்தாள், தோளில் பை இன்னும் தொங்கியது.

"அண்ணாச்சி, சட்டம் இன்னும் வரல. மேலவை பாக்கி இருக்கு."

சிரித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வேர் திருநெல்வேலியில், உட்கார்ந்திருப்பது பம்பாயில், மண்டைக்குள் ஓடும் அரசியல் மட்டும் மெட்ராஸ் அரசியல். அங்கே மேலவையை மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பேரவையில் நிறைவேறினால் அதோடு சரி. இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டே இத்தனை வருஷம் இங்கே ஓட்டுப் போட்டிருக்கிறோம். மேலவையை எப்பவோ இழுத்து மூடியாச்சேம்மா என்றார் அண்ணாச்சி, குழந்தைக்குச் சொல்வதுபோல.

"அது நம்மூர்ல அண்ணாச்சி. இங்க ரெண்டு சபை. இப்பம் பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காவ, அவ்வளவுதான். தாலி கட்டல."

பிறகு நிறுத்தி நிதானமாக விளக்கினாள். அடுத்த வாரம் மசோதா மேலவைக்கு வரும். அங்கே ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். அவளும் அவள் அலுவலகத் தலைவர் சந்திரமௌலி சாரும் போய் அவரைப் பார்த்துவிட்டார்கள். அதே மொழியில் நடக்கும் பள்ளியோடு மட்டும்தான் சேர்க்கலாம் என்று ஒரு திருத்தம் கொடுக்க அவர் சம்மதித்திருக்கிறார். ஆனால் பிள்ளைகள் எல்லாரும் டி.சி. வாங்கிவிட்டால் அவர் யாருக்காகப் பேசுவார்? பள்ளியை மூட அரசாங்கத்துக்குச் சட்டமே தேவைப்படாது, நாமே மூடிக் கொடுத்த மாதிரி ஆகும் என்றாள்.

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். நீ சொல்வது நடக்காமல் போனால், அதற்குள் மற்ற பள்ளிகளில் இடமெல்லாம் தீர்ந்திருக்கும், அப்போது யார் பதில் சொல்வது என்று. நியாயமான கேள்வி. எனக்கே அந்தப் பயம்தான்.

"எம்மவளுக்குச் செம்பூர்ல ஒரு எடம் சொல்லி வச்சிருக்கோம். நாளைக்கே அது வேண்டாம்னு சொல்லிருதேன். தப்பாப் போச்சுன்னா மொதல்ல பள்ளிக்கூடம் இல்லாம நிக்கது இசக்கிதான்."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? இல்லை. அந்த இடத்துக்காக நான் எத்தனை பேர் காலைப் பிடித்தேன் என்று அவளுக்குத் தெரியும். அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, நீர் என்ன சொல்லுதீர் என்று கேட்டார். மண்டபமே என்னைப் பார்த்தது. அவள் மட்டும் பார்க்கவில்லை. நான் என்ன சொல்வேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை போலிருந்தது. அந்த நம்பிக்கைதான் என்னை எழுப்பி நிறுத்தியது.

"அவ சொன்னதுதான் அண்ணாச்சி" என்றேன்.

திங்கட்கிழமை ஊர்வலம் நடக்கவில்லை. ஆக்கப் பொறுத்தாயிற்று, ஆறவும் பொறுப்போம் என்று ஒவ்வொருவராகப் பின்வாங்கிவிட்டார்கள். அண்ணாச்சி மட்டும் போனார். சபையில் சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது? அன்னத்தாயின் டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பிள்ளை தெரு முழுக்க அழுதுகொண்டே நடந்தது.

மேலவையில் மசோதா வந்த அன்று மகேஸ்வரி அலுவலகத்தில் இருந்தாள். நான் கடையில் மொபைலை பெல்ட் மாட்டும் கொக்கியில் தொங்கவிட்டுப் பார்த்தேன். உறுப்பினர் எழுந்து எங்கள் பள்ளியைப் பற்றிப் பேசினார். உடனே மந்திரி குறுக்கிட்டு, அங்கே பெற்றோரே பிள்ளைகளை வெளியே எடுக்கிறார்களாமே என்று கேட்டார். யாரோ போய் ஊதியிருக்கிறார்கள். உறுப்பினர் அசரவில்லை. இன்று காலைதான் விசாரித்தேன், அந்த வகுப்பில் போனது ஒரே ஒரு பிள்ளை, மற்ற அத்தனை பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். காலையில் பள்ளிக்குப் போன் போட்டு அந்தத் தகவலை வாங்கி அவருக்குக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். மந்திரி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ பேசினார். பிறகு திருத்தத்தை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்.

கடைக்கு வந்திருந்த வாடிக்கையாளர் நான் அழுவதைப் பார்த்து, என்ன சேட், கிரிக்கெட்டா என்று இந்தியில் கேட்டார். மேரி பீவி, என் பெண்டாட்டி, என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, பேரம் பேசாமல் பெல்ட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வெடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மகேஸ்வரி அதைப் பிடுங்கிப் பரணில் வைத்தாள். திருத்தத்தோடு மசோதா மறுபடியும் பேரவைக்குப் போக வேண்டுமாம். போயிற்று, ஒப்புக்கொண்டார்கள். ஆளுநர் கையெழுத்து பாக்கி என்றாள். அதுவும் ஆயிற்று. அரசிதழில் வந்தால்தான் சட்டம் என்றாள். அதுவும் வந்தது. இவளைக் கட்டிக்கொண்டு ஒருவன் நிம்மதியாக ஒரு வெடி போட முடியுமா?

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று இசக்கியை ஒன்பதாம் வகுப்பில் விட நான் போனேன். மகேஸ்வரிக்கு அலுவலகத்தில் வேலை. அங்கே சிவனாண்டி அண்ணாச்சி அன்னத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு தலைமை ஆசிரியை முன்னால் நின்றிருந்தார், கையில் அந்த டி.சி. அந்தத் தலைமை ஆசிரியை ஜெபா பள்ளிக்குப் புதிது, எங்களில் யாரையும் தெரியாது. எடுத்துக்கொண்டு போன பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருகிறீர்களே, வேறு ஏதாவது கேள்விப்பட்டு மறுபடியும் எடுத்துவிட மாட்டீர்களே என்று கேட்டார்.

"இல்ல டீச்சர். பத்தாவது முடிய இங்க வகுப்பு உண்டு. மகேஸ்வரி சொல்லிட்டா."

அன்னத்தாய் கையை உதறிக்கொண்டு வகுப்புக்குள் ஓடினாள். இசக்கி நகர்ந்து இடம் கொடுத்தாள். அண்ணாச்சி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜெபா டீச்சர் என் பக்கம் திரும்பி, நீங்கள் யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"இவரு மகேஸ்வரி வீட்டுக்காரரு."