பங்களாவில் அடித்த மணி

தேநீர் இடைவேளைக்குச் சங்கு ஊதியதும் சிவசாமி மறுபடியும் ஆபிஸ் ஜன்னலுக்கு வந்து நின்றான். தேயிலை வாட்டும் மாடியிலிருந்து நேராக வந்ததால் சட்டையெல்லாம் இலைவாடை. உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரிய கிராணி நாகரத்தினம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "போன் ஒன்னும் வரலப்பா. வராம இருக்கறதே நல்ல சேதிதான்" என்றார். நேற்றும் அதையேதான் சொன்னார்.

சிவசாமியின் மனைவி சரோஜாவை ஆயுத பூசைக்கு முதல் நாள் பக்கத்து டவுன் தானா ராத்தாவிலிருந்து கீழே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஏழாம் மாதத்திலேயே ரத்தம் போக ஆரம்பித்துவிட்டது. அறுத்துத்தான் பிள்ளையை எடுக்கவேண்டும் என்றால் எஸ்டேட் ஆபிசுக்குப் போன் செய்வோம், உடனே வந்துவிடு என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பூசை முடிந்து ஆபிஸ் திறந்ததும் கிராணியே ஈப்போவுக்குப் பேசினார். நன்றாக இருக்கிறாள், ஏதாவது என்றால் நாங்களே கூப்பிடுகிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு போன் அடிக்கவே இல்லை. எஸ்டேட்டை நடத்தும் துரை லீவில் சீமைக்குப் போயிருந்தார். துரை இல்லாத எஸ்டேட்டை யார் கூப்பிடப்போகிறார்கள் என்று கிராணி நினைத்துக்கொண்டார். உள்ளதைச் சொன்னால் அந்த அமைதி அவருக்குப் பிடித்தும் இருந்தது.

அன்றைக்கு எஸ்டேட் கடைக்குக் காய்கறி போடும் காளிமுத்து வந்தார். லெம்பா பெர்த்தாமிலிருந்து லோரி ஓட்டி வந்த அலுப்பெல்லாம் முகத்தில் இருந்தது.

"என்னா கிராணி, ஆபிசுல ஆளே இல்லையா? நாலஞ்சு நாளா போன் அடிக்கிறேன் லா. மணி போவுது, போவுது, யாரும் எடுக்கல."

கிராணி ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தவர், ஜன்னலில் நின்றவனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

டெலிபோன் சுவிட்ச் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். எஸ்டேட்டின் இரண்டாம் டிவிஷனைக் கூப்பிட்டார், பேச முடிந்தது. தானா ராத்தா டெலிபோன் ஆபிசைக் கூப்பிட்டார், அதுவும் கிடைத்தது. நீங்கள் இங்கே ஒருமுறை அடித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். வெளியிலிருந்து கூப்பிட்டால் போர்டில் ஒரு சின்ன மூடி டக்கென்று விழ வேண்டும். விழவில்லை. மறுபடியும் கேட்டதற்கு, நன்றாக மணி போனதே, நீங்கள்தான் எடுக்கவில்லை என்றார்கள். அப்படியென்றால் எங்கேயோ அடிக்கிறது.

வெளி லைனுக்கு ஒரு தனி சுவிட்ச் உண்டு. ஆபிஸ் மூடும்போதும் லீவு நாட்களிலும் அதைக் கீழே தள்ளிவிடுவார்கள். வருகிற போனெல்லாம் துரை பங்களாவுக்குப் போய்விடும். பூசை லீவுக்கும் அப்படித்தான் தள்ளினார். அதன் பிறகுதான் போர்டுக்குப் பொட்டு வைத்தார். தட்டச்சு இயந்திரத்துக்கும் தராசுக்கும் வைத்ததைவிட இதற்குத் தாராளமாகவே வைத்தார். அந்த சுவிட்சுக்கு இன்னும் தாராளம், எஸ்டேட்டுக்கே காதும் வாயும் அதுதானே என்று. குழைவாக இருந்த சந்தனம் உள்ளே வழிந்து காய்ந்துவிட்டது. லீவு முடிந்து அவர் மேலே தள்ளியபோது பிடி மட்டும்தான் மேலே வந்திருக்கிறது. இங்கிருந்து பேச முடிந்தாலும், வருகிற மணி மட்டும் இன்னும் பங்களாவுக்கே போய்க்கொண்டிருந்தது. விளிம்பில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். உள்ளே கை வைக்கப் பயமாக இருந்தது.

உடனே ஈப்போவுக்குப் பேசினார். காலையிலிருந்து நாங்கள்தான் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்றாள் அங்கே போனை எடுத்த நர்ஸ் மிஸ்ஸி. என்ன விஷயம் என்று அவள் சொல்லவில்லை. டாக்டரே பேசுவார், இந்த முறையாவது யாராவது எடுங்கள் என்று வைத்துவிட்டாள்.

"பங்களாவுக்கு ஓடுப்பா. அங்கதான் அடிக்கும்" என்றார் கிராணி.

துரை இல்லாதபோதும் பங்களாவைக் கூட்டித் துடைக்கிறவள் பாஞ்சாலை, சிவசாமியின் அக்கா. சரோஜாவைப் பெண் பார்த்துக் கட்டிவைத்ததே அவள்தான். இந்த வாரமெல்லாம் தம்பிக்குச் சோறு ஆக்கிப் போட்டுவிட்டு, தினமும் சாயங்காலம் போன் வந்துச்சாடா என்று கேட்டவளும் அவள்தான்.

அவன் மேடேறி மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது அவள் ஹாலில் மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். இங்கே போன் அடித்ததா என்று கேட்டான்.

"அடிச்சிச்சு. தெனமும் அடிக்குது. இன்னைக்குக் காலையிலேருந்து விடாம அடிச்சிச்சு. தொரையத் தேடுறாங்கன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"பங்களா சங்கதிய நம்ம லயத்து வீடுகள்ல பேசலாமாடா?"

அவனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அது ஈப்போவிலிருந்து வந்த போன் என்று மட்டும் சொன்னான். அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. இத்தனை வருஷம் அந்தப் போனைத் துடைத்திருக்கிறாள், ஒருநாளும் எடுத்ததில்லை. பூசையன்று அதற்கும் ஒரு பொட்டு வைத்திருந்தாள்.

மணி அடித்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுபடியும் அடித்தது. பாஞ்சாலைதான் துணியோடு சேர்த்து ரிசீவரை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள். அவன் காதில் வைத்து அழுத்தியதில் காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாகச் சட்டையில் உதிர்ந்தது.

சரோஜாவின் புருஷனா என்று மலாய் மொழியில் ஒரு குரல் கேட்டது.

"யா" என்றான்.