எல்லோரும் சிரிக்கிற சுவர்

சொர்க்கத்தை வரைய ஆள் வேண்டும் என்று பாஸ்டர் சத்யராஜ் என்னைத் தேடி வந்தபோது, நான் ஒரு பட்டுக்கடை போர்டில் கல்யாணப் பெண்ணுக்கு மூக்குத்தி வைத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றெட்டாம் வருஷம் என்று நினைக்கிறேன். பெரிய காஞ்சிபுரத்தில் 'கலியாணசுந்தரம் ஆர்ட்ஸ்' என்றால் அப்போது தெரியாதவர் கிடையாது. மயில் வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள், மணப்பெண் வேண்டுமென்றாலும் என்னிடம்தான். சொர்க்கமும் என்னிடம் வந்ததில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"நான் திருநீறு பூசுற ஆளு பாஸ்டர்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"அதனால என்னா பிரதர். கை கர்த்தர் குடுத்தது" என்றார். நெற்றியை யார் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

வாலாஜாபாத் ரோட்டுப் பக்கம், காலனிக்குள் புதிதாகக் கட்டிய ஜெப வீடு அது. பிரசங்க மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சொர்க்கம் வேண்டும். திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை, மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய போதகர் வருகிறார், அதற்குள் சொர்க்கம் காய்ந்திருக்க வேண்டும்.

அங்கே என்னென்ன இருக்கும் என்று கேட்டேன். தெருவெல்லாம் தங்கம் என்றார். சூரியன் கிடையாது, நிலா கிடையாது, ராத்திரியே கிடையாது. கல்யாணம் கிடையாது. எல்லோருக்கும் வெள்ளை உடுப்பு. எல்லோரும் பாடிக்கொண்டே இருப்பார்கள், சிரித்துக்கொண்டே இருப்பார்கள்.

"சாப்பாடு?"

"பசியே எடுக்காது பிரதர்."

"வேலை?"

"துதிக்கிறதுதான் வேலை."

"எவ்ளோ நேரம்?"

"நித்தியமா."

தூக்கமும் இல்லாமல், கல்யாணமும் இல்லாமல், விரித்த வாயை மூடாமல் காலகாலத்துக்கும் நிற்க வேண்டும். இது பரிசு. தண்டனை என்னவென்று விசாரித்திருக்கலாம். எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். எங்கள் பக்கத்துச் சொர்க்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? பெருமாள் கோயில்களில் அதற்கு வருஷத்தில் ஒரு நாள் விடியற்காலையில் கதவைத் திறப்பார்கள். அந்த நெரிசலில் முழங்கையால் இடிபட்டு, மோட்சத்துக்குள் நுழைந்து, மறுபக்கமாக வெளியே வந்து, தொலைந்த செருப்பைத் தேடிவிட்டு டிபன் சாப்பிடப் போவார்கள்.

எங்கள் ஊரில் போர்டு வரைகிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. பட்டுக்கடை போர்டில் நிற்கிற மணப்பெண் முதலாளியின் மகள் ஜாடையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மயிலின் கழுத்து சரியில்லை என்று சொல்லி வேலையை இழுத்தடிப்பார்கள். யார் வேலை கொடுக்கிறாரோ அவர் வீட்டு முகம் தானாகவே என் பிரஷ்ஷில் வந்துவிடும். அப்படித்தான் சிம்மாசனத்துக்கு வலப்பக்கம் நின்ற முதல் பரிசுத்தவானுக்குப் பாஸ்டரின் முகம் வந்துவிட்டது, மூக்குக்கண்ணாடி உட்பட.

பாஸ்டர் வெகுநேரம் பார்த்தார். "இதெல்லாம் எதுக்கு பிரதர்" என்றார். அழிக்கச் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் சபையே திரண்டு வந்துவிட்டது. பாஸ்டர் மட்டும் போய்ச் சேர்ந்தால் ஆயிற்றா, நாங்கள் எங்கே என்று கேட்டார்கள். பாஸ்டரின் மனைவி பிரவீனாவே, "எனக்கு எடம் எங்கண்ணா?" என்று நேராகக் கேட்டுவிட்டார். கடைசியில் ஸ்நானம் எடுத்த எல்லோரையும் வரைந்துவிடுவது என்று முடிவானது. ஸ்நானம் என்றால் பாலாற்றில் தண்ணீர் இருந்தால் ஆற்றிலும், இல்லாவிட்டால் பம்ப்செட் தொட்டியிலும் முழுக்கி எடுப்பது. அது எடுக்காதவருக்கு மேலே இடமில்லை, அதனால் சுவரிலும் இல்லை.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாமியார் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்றாள் ஒருத்தி. வேலித் தகராறில் இருந்த இரண்டு பேர், தங்கத் தெருவின் இரண்டு கோடிகளில் தங்களை நிறுத்தச் சொன்னார்கள். வெள்ளை உடுப்பு என்றதும் பெண்கள் முகம் சுண்டிப் போனது. பாதிப் பேர் தறிக்குப் போகிறவர்கள். மாம்பழ மஞ்சளும் மயில்கழுத்தும் நெய்த கைக்கு, வெறும் வெள்ளையைச் சுற்றிக்கொண்டு நித்தியமாக நிற்க மனசு வருமா? பார்டராவது வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார்கள். பாஸ்டர் ஒருநாள் முழுக்க ஜெபம் பண்ணிவிட்டு மெல்லிய ஜரிகைக்கு அனுமதி கொடுத்தார். அதிலும் கோபுர பார்டர் கூடாது என்றார், அது பக்கத்துத் தெருச் சாமிக்கு உரியது என்று.

இதில் எதுவும் கேட்காத ஒரே ஆள் மரியம்மாள்தான். சாயப்பட்டறையில் வேலை. கொதிக்கிற அண்டாவில் பட்டுநூலை முக்கி எடுத்து முக்கி எடுத்து, இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் அரக்கு நிறத்தில் இருக்கும். காலையில் சபையைப் பெருக்கிவிட்டுத்தான் பட்டறைக்குப் போவார். எனக்கு டீ வாங்கி வந்து ஏணிக்குக் கீழே வைப்பதும் அவர்தான். நானாகவே அவரை இரண்டாவது வரிசையில் நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தியிருந்தேன். முகம் முடிந்து, சிரிப்பு மட்டும் பாக்கி.

ஒருநாள் டீயோடு ஒரு சின்னப் போட்டோவையும் நீட்டினார். "இவன எம் பக்கத்துல நிக்க வைப்பா."

அவருடைய ஒரே மகன் சிட்டிபாபு. முந்தின வருஷம் பாலாற்றுப் பாலத்தில் லாரியில் அடிபட்டுச் செத்தவன். அன்றைக்கு வயிற்றில் சாராயம் இருந்தது. போதாக்குறைக்கு, ஸ்நானம் எடுத்துக்கொள் என்று பாஸ்டர் கூப்பிட்டபோதெல்லாம் 'அடுத்த வாரம்' என்று சொல்லியே காலத்தை ஓட்டியவன். கருடசேவைக் கூட்டத்தில் பலூன் விற்பான். என் மகளுக்கும் விற்றிருக்கிறான். இத்தனை குற்றத்தோடு அவன் எந்த வாசல் வழியாக நுழைவது?

நான் பாஸ்டரைப் பார்த்தேன். மேடையில் மைக் செட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர், போட்டோவைக் கண்டதும் இறங்கி வந்தார். நல்ல மனிதர். அந்தப் பையனை அடக்கம் செய்த அன்று மண் போட முடியாமல் அழுதவர்.

"அவன எப்பிடி மரியம்மா போட முடியும், நீயே சொல்லு."

"தெரியும் ஐயா. ஒரு மூலையில. தூண் மறைவுல வச்சாக்கூட போதும்."

"ஒருத்தருக்காக சத்தியத்த மாத்த முடியாதும்மா. நீ கலங்காத. அங்க கண்ணீரே கெடையாது."

"அவன் இல்லன்னா கூடவா?"

"இல்லன்னாலும்தான்."

"அது எப்டி ஐயா? அவன் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சிக்கினே இருக்குமே."

"தெரியாது. முன்னாடி நடந்தது எதுவும் அங்க ஞாபகத்துக்கு வராது."

மரியம்மாள் போட்டோவை முந்தானையால் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை. "அவன பெத்தது கூடவா?"

பாஸ்டர் தரையைப் பார்த்தார். "வராது" என்றார். பாவம், அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"அப்ப அங்க போறது நானில்ல ஐயா. யாரோ ஒரு பொம்பள. அவளுக்கு இன்னாத்துக்கு எம் மூஞ்சி? அழிச்சிடச் சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சபையைத் தினமும் பெருக்குகிறவளே சொர்க்கம் வேண்டாம் என்கிறாள் என்று வெளியே தெரிந்தால் திறப்பு விழா என்ன ஆகும்? பாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. "அழிக்காதீங்க பிரதர். சிரிப்பப் போட்டு முடிச்சிடுங்க. பார்த்தா மனசு மாறிடும்" என்றார்.

போட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளையைப் பிடிக்காத மணப்பெண்ணையும் போர்டில் பல் தெரியச் சிரிக்க வைத்த கை இது. அந்த முகத்தில் சிரிப்பு ஒட்டவே இல்லை. வாயைச் சிரிக்க வைத்தால் கண் பைத்தியக்காரியின் கண்ணாகப் போயிற்று. கண்ணைச் சரிசெய்தால் உதடு கீழே இறங்கியது. வழித்து வழித்துத் திரும்பப் பூசியதில் அந்த இடத்தில் சுவரே தடித்துவிட்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பெற்ற பிள்ளையின் நினைப்பைக் கழற்றிச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு உள்ளே வா என்று சொல்கிற இடத்துக்கு இத்தனை தங்கம் என்ன கேடு? மொட்டைச் சுண்ணாம்பு போதாதா?

சனிக்கிழமை காலையில் மரியம்மாள் வழக்கம்போலப் பெருக்க வந்தார். சொர்க்கம் வேண்டாம் என்றாலும் சபை குப்பையாகக் கிடக்கக்கூடாது அவருக்கு. நான் சுவரின் ஓரத்தில் முத்துக் கதவுக்கு வெள்ளை தீட்டிக்கொண்டிருந்தேன். பாஸ்டர் மறுநாள் பிரசங்கத்தை முணுமுணுத்தபடி நடந்துகொண்டிருந்தார்.

"அது இன்னாப்பா?"

"கதவு அக்கா. சொர்க்கத்துக் கதவு."

"எப்ப சாத்துவாங்க?"

சுலபமான கேள்வி வந்ததில் பாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். நான் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடப் போகிறேனோ என்று வேகமாக வந்தார். "சாத்தவே மாட்டாங்க மரியம்மா. ராத்திரின்னு ஒண்ணு இருந்தாத்தான சாத்துறதுக்கு. எப்பவும் தெறந்தேதான் இருக்கும். வேதத்துலயே இருக்குது."

மரியம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். "உள்ள போனவங்க வாசல்ல நின்னு வெளிய பாக்கலாமா ஐயா?"

பாஸ்டர் யோசித்தார். கையில் இருந்த வேதத்தைத் திறக்கப் போய், திறக்காமல் நின்றார். "பாக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதியில்ல."

"அப்ப என்னிய அங்க நிக்க வைப்பா" என்றார் என்னிடம். "வெளியப் பாத்துக்கினு. அவன் அடுத்த வாரம் அடுத்த வாரம்னு இழுக்கிறவன், லேட்டாத்தான் வருவான். வழி தெரியாம நின்னாக்கா கை காட்ட ஆளு வேணும்ல."

இரண்டாவது வரிசையில் இருந்த முகத்தை அவர் கண் முன்னாலேயே வெள்ளை பூசி மறைத்தேன். கதவோரமாக ஒரு பெண்ணின் முதுகை வரைந்தேன். மெல்லிய ஜரிகை, கொண்டை, கதவு நிலையைப் பிடித்தபடி ஒரு கை, வெளியே நீட்டியபடி ஒரு கை. இரண்டு கைக்கும் அரக்கு தீட்டினேன்.

"கறையெல்லாம் அங்க கழுவிடுவாங்க பிரதர்" என்றார் பாஸ்டர், மெதுவாக.

"காஞ்சிபுரத்துச் சாயம் பாஸ்டர். போவாது" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ் போதகர் வந்தார். ரிப்பன் வெட்டி, சுவருக்கு முன்னால் நின்று, தங்கத் தெருவைப் பார்த்தார், சிம்மாசனத்தைப் பார்த்தார், பாஸ்டரின் மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். எவ்வளவு சந்தோஷமான முகங்கள், குறை என்று ஒன்று சொல்ல முடியுமா என்று மைக்கில் மெச்சினார். பிறகு கதவோரத்துக்கு வந்தவர் நின்றார்.

"இந்தச் சகோதரி ஏன் நமக்கு முதுகக் காட்டிட்டு நிக்கிறாங்க? இவங்களும் சிரிக்கிறாங்கதான?"

சபை என்னைப் பார்த்தது. ஆமாம், சிரிப்பு அந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்ல நான் தயாராக இருந்தேன். அதற்குள் பாஸ்டர் சத்யராஜ் பெண்கள் வரிசையில் மரியம்மாள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் இல்லிங்க ஐயா" என்றார். "ஒருத்தன் வர வேண்டியிருக்குது."

அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று முன்பே சொன்னேன்.