இரண்டாவது சைக்கிள்

1

முதலில் இது கதையே கிடையாது. கட்டுரை. இளங்கோவன் கேட்டு வாங்கியது.

இளங்கோவன் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு தமிழ் மாதப் பத்திரிகை நடத்துகிறார். ஆசிரியர் அவர்தான். மெய்ப்புப் பார்ப்பதும், கவரில் போட்டுத் தபாலில் சேர்ப்பதும் அவர்தான். தலைநகரை சைக்கிளில் சுற்றிப் பார்ப்பதைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். என்னிடம் ஒரு கியர் சைக்கிள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் ஏராளமாக இருந்தன. சரி என்றேன்.

ஒரு ஞாயிறு போய்வந்து எழுதி அனுப்பினேன். படித்துவிட்டு போன் செய்தார்.

"மாநகராட்சி அறிவிப்பு மாதிரி இருக்கு பிரபா. கூட யாரையாவது போடுங்க. ஒத்த ஆளு ஊரெல்லாம் சைக்கிள் ஓட்டினா படிக்கிறவங்களுக்குப் பாவமா இருக்கும்."

பாவம் என்ற சொல்லை இந்த இரண்டு வருடத்தில் நிறையக் கேட்டாயிற்று. அதனால் மறுபேச்சில்லாமல் ஒரு பெண்ணைப் போட்டேன். ரக்ஷா என்று பெயர் வைத்தேன். ஓட்டுவதற்கு இரண்டாவதாக ஒரு சைக்கிளும் கொடுத்தேன்.

இனி வரும் சிக்கல் முழுவதும் அந்த சைக்கிளால் வந்தது.

2

தொடங்கிப் பார்த்தவை:

அ) "பெங்களூர் நகரின் எல்லைகளாக நான்கு கோபுரங்கள் நிறுவப்பட்டன." கைவிட்டேன். கேள்வித்தாள் வாசனை.

ஆ) "ரக்ஷா பெடலை அழுத்தினாள். அவள் கூந்தல் காற்றில்" – வாக்கியத்தை இப்படியே விட்டுவிட்டேன். ஹெல்மெட் போட்டிருந்தாள்.

இ) "என் மனைவி இறந்து" – இல்லை.

இருந்தாலும் (அ)வில் உள்ள விஷயம் உங்களுக்குத் தேவைப்படும். ஊரை நிறுவிய கெம்பேகவுடா பெயரில் இங்கே நான்கு சின்னக் காவல் கோபுரங்கள் உண்டு. அல்சூர் ஏரிப் பக்கம் ஒன்று, லால்பாக் பாறைமேல் ஒன்று, கெம்பாம்புதி ஏரிப் பக்கம் ஒன்று, மேக்ரி சர்க்கிளில் ஒன்று. ஊர் இதற்குள் அடங்கும் என்று கட்டியதாகச் சொல்வார்கள். ஊர் அடங்கவில்லை. இன்றைக்கு நாலு கோபுரத்தையும் ஒரே காலையில் சைக்கிளில் பார்த்துவிடலாம். அவற்றைத் தாண்டிய ஊரைப் பார்க்க ஒரு வாரம் போதாது.

முடிவு என்று கட்டிவைத்த இடத்தில் எதுவும் முடிவதில்லை என்று கட்டுரையில் ஒரு வரி இருந்தது. இளங்கோவன் அதற்குக் கீழே கோடு போட்டு 'பிரமாதம்' என்று எழுதியிருந்தார். உடனே எனக்கு அந்த வரி பிடிக்காமல் போய் எடுத்துவிட்டேன்.

(மறுபடி வந்துவிட்டது, பாருங்கள்.)

3

எனக்கு ஆட்களை உருவாக்கத் தெரியாது. அடுத்தவர் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. எனவே ஒரு சுருக்குவழியில் போனேன். ஸ்னேஹாவை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் திருப்பிப் போட்டேன்.

ஸ்னேஹாவுக்கு சைக்கிள் வராது. ரக்ஷா மேம்பால இறக்கத்தில் இரண்டு கையையும் விட்டு ஓட்டுவாள். ஸ்னேஹா சிக்னல் சிவப்பாக இருக்கும் நேரத்துக்குள் பக்கத்து ஆட்டோக்காரரின் குடும்பக் கதையைக் கேட்டு முடித்துவிடுவாள், கன்னடம், தமிழ், உருது மூன்றையும் கலந்து. ரக்ஷா யாரிடமும் பேசமாட்டாள். ஸ்னேஹா காப்பி, ரக்ஷா வெந்நீர். எடுத்த படத்திலெல்லாம் ஸ்னேஹா கண்ணை மூடியிருப்பாள். ரக்ஷா கண் சிமிட்டுவதே இல்லை என்று எழுதினேன். அதை இளங்கோவன் வெட்டிவிட்டார். பேய் மாதிரி இருக்கிறதாம்.

இப்படிச் செய்தால் ஸ்னேஹா கட்டுரைக்குள் வரவே மாட்டாள் என்பது என் கணக்கு.

(அடிக்குறிப்பு 1: ஸ்னேஹா என் மனைவி. இரண்டு வருடத்துக்கு முன்னால் காய்ச்சலில் இறந்தாள். இந்தக் கதையில் அதைப் பற்றி இவ்வளவுதான்.)

4

அல்சூர் கோபுரம் ராணுவ வளாகத்தை ஒட்டி இருக்கிறது. வெளியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கட்டுரையில் இருவரும் எட்டிப் பார்த்தோம். பெரும்பாலான திருத்தம் இந்த அளவில் முடிந்துவிட்டது.

கப்பன் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமை வண்டி கிடையாது. புல்லில் பாய் விரித்து ஒருவரோடொருவர் பேசாமல் புத்தகம் படிக்கிறவர்கள் இருந்தார்கள். நாய்களுக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். மிளகாய்ப்பொடி தடவிய வெள்ளரிக்காய் ஒன்று வாங்கினேன். திருத்தத்தில் இரண்டு.

சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவுக்கு எதிரே படம் எடுப்பதற்காகக் கம்பி வேலியில் சைக்கிளைச் சாய்த்தேன். ஒரு போலீஸ்காரர் வந்து "சைக்கிள் தெகீரி" என்றார், சைக்கிளை எடுங்கள் என்று. கட்டுரையில் ரக்ஷா அவரைப் பேசாமல் பார்க்கிறாள், அவர் திரும்பிப் போய்விடுகிறார். நிஜத்தில் நான் எடுத்துவிட்டேன்.

லால்பாக்கில் சைக்கிளை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் பூட்டிவிட்டுப் பாறைமேல் ஏறினேன். ஓர் இளம் ஜோடி போனை நீட்டிப் படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்தேன். பதிலுக்கு உங்களை எடுக்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். கட்டுரையில் எங்களை எடுத்தார்கள். படத்தில் ரக்ஷா நன்றாக விழுந்திருக்கிறாள்.

கெம்பாம்புதி ஏரியைப் பற்றி நல்லதாக ஒரு பத்தி இருந்தது. இடமில்லை என்று இளங்கோவன் எடுத்துவிட்டார்.

மேக்ரி சர்க்கிளில் என் சைக்கிள் பஞ்சர் ஆனது. கட்டுரையில் அந்தப் பஞ்சரை ரக்ஷாவுக்குக் கொடுத்தேன். அவ்வளவு தூரம் கூட வந்தவளுக்கும் ஏதாவது நடக்க வேண்டுமே. அந்தத் தாராளம்தான் வினையானது.

5

நான் இருப்பது மர்பி டவுனில், மாமனார் வீட்டு மாடியில். கல்யாணமான புதிதில் குடிவந்தோம். பிறகு அவர்கள் காலி செய்யச் சொல்லவில்லை, நானும் செய்யவில்லை. கீழே மாமா கோதண்டராமனும் அத்தை வேதநாயகியும். அத்தை விதான சௌதாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கட்டடத்தைப் பற்றிய தகவல் சரியா என்று அவர் பார்க்கட்டும் என்று இளங்கோவன் மெய்ப்பை மாமாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டார். என்னிடம் சொல்லவில்லை.

ராத்திரி சாப்பிடக் கீழே போனேன். மாமா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனை முகத்தோடு வைத்திருந்தார்.

"மேக்ரி சர்க்கிள்ல பஞ்சர்னு எழுதியிருக்கீங்களே மாப்ளே. ரெண்டு சைக்கிளுமா?"

"ஒண்ணுதான் மாமா."

"யாருது?"

"ரக்ஷாவோடது."

அவர் மெய்ப்புப் பார்க்கிறவராகக் கேட்கிறார் என்று நினைத்து, எழுதியவனாகப் பதில் சொன்னேன். அவர் மாமனாராகக் கேட்டிருந்தார்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அத்தை கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அந்தப் பெண் எந்தப் பக்கம் என்று கேட்டார். பசவனகுடி என்றேன். கட்டுரையில் அப்படித்தான் இருந்தது. வேலை பார்க்கிறாளா என்று கேட்டார். கட்டுரையில் அது இல்லாததால் விழித்தேன். அதை அவர்கள் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"நீங்க வாயே தொறக்க மாட்டீங்க, அவங்களும் பேச மாட்டாங்களாம்" என்றார் மாமா. "லைப்ரரி மாதிரி இருக்கும் வீடு."

"சும்மா இருங்க" என்றார் அத்தை. பிறகு என் தட்டில் இன்னொரு தோசையை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நல்லா யோசிச்சுப் பார்த்தேன். நம்ம ஸ்னேஹாவுக்கு எது உண்டோ அது எதுவும் இந்தப் பொண்ணுகிட்ட இல்ல. நல்லவேளை. அவள மாதிரியே ஒருத்திய நீங்க தேடியிருந்தா எனக்குக் கஷ்டமா இருந்திருக்கும்."

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் தோசை இருந்தது.

விதான சௌதாவைப் பற்றியும் சொன்னார். அரசாங்க வேலை கடவுளின் வேலை என்று முகப்பில் எழுதியிருப்பதாக நான் போட்டது சரிதானாம். ஆனால் அங்கே வேலை பார்த்தவர்களெல்லாம் பின்வாசல் வழியாகப் போகிறவர்கள் என்பதால் அந்தச் செய்தி அவர்களுக்கு வந்து சேரவில்லையாம்.

நான் எழுந்து கை கழுவும்போது, வருகிற ஞாயிறு ரக்ஷாவைச் சாப்பிடக் கூட்டிவரச் சொன்னார்.

(அடிக்குறிப்பு 2: மாப்பிள்ளை என்று என்னைக் கூப்பிட இந்த இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். ரக்ஷா இருந்துவிட்டால் நான் இவர்களுக்கு என்ன முறை என்று அன்றைக்கு வெகுநேரம் யோசித்தேன். முறை எதுவும் கிடைக்கவில்லை.)

6

வெறும் சாப்பாடு என்றால் சமாளித்திருப்பேன்.

ஸ்னேஹாவின் அண்ணன் தருண் பெங்களூரைத் தாண்டி ஆனேக்கல்லில் வீடு கட்டியிருக்கிறான். கீழ்த்தளம் அப்பா அம்மாவுக்கு என்றே கட்டியது. அவன் மனைவி மமதாவுக்கு அடுத்த மாதம் பிரசவம். அவளுக்குத் தாய் இல்லை. வாங்க அத்தை, வாங்க அத்தை என்று தினமும் போனில் கூப்பிடுகிறாள். அத்தைக்குப் போக வேண்டும் என்று உயிர் துடிக்கிறது. ஆனாலும் மூட்டு வலி, பென்ஷன் வேலை, மழைக்காலம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். உண்மையான காரணம் மாடியில் இருந்தது. மாப்பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னால், அதைச் சொல்லும் முகத்தைப் பார்த்துவிட்டு நம்ப மறுத்தார்கள்.

கட்டுரை படித்த மறுநாள் மாமா மிக்ஸியை அதன் பழைய அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டினார். அதற்கடுத்த நாள் டெம்போவுக்குச் சொல்லிவைத்தார்.

அதாவது, இல்லாத ஒரு பெண்ணை நம்பி இருக்கிற இரண்டு பேர் ஊர் மாறப்போகிறார்கள். உண்மையைச் சொன்னால் மிக்ஸி பெட்டியை விட்டு வெளியே வரும், மமதா தனியாகப் பெறுவாள். சொல்லாவிட்டால் அவர்கள் ஒரு பொய்யை நம்பி நிம்மதியாகப் போவார்கள்.

எனக்கு எது வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அதைக் கதைக்குள் சொன்னால் நன்றாக இருக்காது. அடிக்குறிப்பில் போடுகிறேன்.

(அடிக்குறிப்பு 3: அவர்கள் போகக்கூடாது.)

7

முடிவுகள்.

ஒன்று. அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கை லவினாவிடம் நடந்ததைச் சொன்னேன். ரக்ஷாவாக வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறேன், மட்டன் உண்டென்றால், என்றாள். நல்ல மாதிரி. ஆனால் அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. மூன்று மொழியில் பேசுவாள். காப்பி குடிப்பாள். அவளைக் கீழே கூட்டிப்போய் உட்கார வைத்தால் அத்தை யாரைப் பார்ப்பார் என்று யோசித்ததும் இந்த முடிவை மூடிவிட்டேன்.

இரண்டு. "அத்தை, ரக்ஷான்னு யாரும்"

மூன்று. ரக்ஷாவை அமெரிக்காவுக்கு அனுப்பிவிடலாம். பெங்களூரில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அவள் போய்விட்டாள் என்றதும் மாமா டெம்போவை வேண்டாம் என்பார். அதோடு பாவம் என்ற சொல் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

நாலாவது முடிவு இளங்கோவனுடையது. நிலவரத்தைச் சொன்னபோது உற்சாகமாகிவிட்டார். இதுதான் கதை, கட்டுரையைத் தூக்கிப் போடுங்கள் என்றார். (நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதனால்தான் கதை.) பிறகு சொன்னார்:

"பேசாம அவள முடிச்சிடுங்க. ஹெப்பால் பக்கம் ஒரு லாரி. படிக்கிறவங்க அழுதுடுவாங்க. வீட்லயும் மேல கேள்வி வராது."

"வேண்டாம்."

"கற்பனைதானே பிரபா."

"இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். "ஒருத்தி போதும்."

 

இது கதையின் உச்சமாக வரவேண்டிய இடம் என்று எனக்கும் தெரிகிறது. ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டேன். நீட்ட வரவில்லை. அதற்குப் பிறகு ஒன்று மட்டும் செய்தேன். பஞ்சரைத் திருத்தி என் சைக்கிளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரக்ஷாவுக்கு எதுவும் ஆகவில்லை. அவள் மேக்ரி சர்க்கிள் நிழலில் நின்று, நான் டியூப் மாற்றும்வரை வெந்நீர் குடிக்கிறாள்.

8

ஞாயிறு. நேரம் பத்தரை. மாடியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கீழே மசாலா வதங்குகிறது. மாமா யாரிடமோ போனில் ஆனேக்கல் வீட்டுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காலையில் ஒரு முடிவு எழுதினேன், அடித்தேன். இன்னொன்று எழுதினேன். அதில் அவர்கள் போகவில்லை. அதுவும் அடித்தாயிற்று. என்னிடம் இருக்கும் முடிவுகளெல்லாம் எனக்குச் சாதகமாகவே இருக்கின்றன. அடுத்தவர் எழுதியதில் இப்படி இருந்தால் பிழை என்று குறித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இப்போது அத்தை மாடிப்படியின் அடியில் வந்து நிற்கிறார். மூட்டு வலியால் மேலே ஏறமாட்டார். கையில் அரிசி அளக்கும் டம்ளர்.

"மாப்பிள்ளை, உலை வைக்கணும். அரிசி எவ்வளவு போடட்டும்? நம்ம மூணு பேருக்கா, இல்ல..."

வாக்கியத்தை அவரும் முடிக்கவில்லை. படியில் போய் நின்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருடம் மற்றவர்கள் எழுதிய கோப்புகளைப் படித்த கண்.

"வரலைன்னாலும் ஒண்ணும் இல்ல" என்றார். "உள்ளதைச் சொல்லுங்க. போறதுன்னா தெரிஞ்சே போறோம்."

அவருக்குத் தெரிந்திருக்கிறதா? எப்போதிலிருந்து? தோசை வைத்த அன்றைக்கா? இதை எழுதுகிறவன் நான், எனக்கே தெரியவில்லை.

நான் ஒரு எண் சொன்னால் போதும். மூன்று என்றால் ஒரு கதை, நாலு என்றால் வேறு கதை. மமதாவையும் மாடி வீட்டையும் நினைத்துப் பார்த்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்கு இதில் சாதகம் எதுவும் இல்லை.

கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். மாமா இன்னும் போனில் கத்திக்கொண்டிருக்கிறார்.