சனிக்கிழமை எழுந்து நின்ற நேரம்

திங்கட்கிழமை காலை க்ளோவிஸ் ஹாதர்ன் முகச்சவரம் செய்துகொண்டே கண்ணாடியில் ஒரு துக்க முகத்தைப் பழகிக்கொண்டிருந்தார். புருவத்தைக் கொஞ்சம் இறக்கினால் போதும். உதட்டையும் பிதுக்கினால் நாடகம் போலாகிவிடும். கை கழுவும் தொட்டியின் விளிம்பில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் விரிந்து கிடந்தது. டன்மோர் கல்லூரியின் ஃபுட்பால் அணியான நாரைகள் கால்டர் கல்லூரியிடம் பதினான்கு புள்ளி பின்தங்கிவிட்டார்கள், நடுவில் இடி மின்னலுக்காக ஆட்டத்தை நிறுத்திவைத்தார்கள், இடதுபக்கம் பந்தைக் கொண்டுபோன ஒவ்வொரு முறையும் சொதப்பினார்கள் என்று எழுதியிருந்தது. அது போதும். யாராவது கேட்டால், “அந்த இடதுபக்கத்தை ஏன்தான் விடாமப் பிடிச்சிட்டிருந்தாங்களோ” என்று தலையை ஆட்டிவிடலாம். இரண்டு வருடமாக அவர் பிழைப்பு இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

உண்மை என்னவென்றால், க்ளோவிஸ் இரண்டு வருடமாக ஒரு ஆட்டம்கூடப் பார்க்கவில்லை. முழங்கால் வலி, அரங்கத்துப் படி ஏற முடியவில்லை, வீட்டில் டிவியில் பார்க்கிறேன் என்று ஊரிடம் சொல்லிவைத்திருந்தார். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. ஒரு சனிக்கிழமை இரவு, நாரைகள் தோற்கும் நேரத்தில், புயலில் கரண்ட் போய்விட்டது. இருட்டில் உட்கார்ந்து தன் கோபத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை. அதற்குப் பதில் தோள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கின. பல்வலி நின்றபிறகுதான் இவ்வளவு நேரம் வலித்தது தெரிகிற மாதிரி இருந்தது. அடுத்த சனிக்கிழமை, சோதித்துப் பார்க்கத்தான், டிவியைப் போடவில்லை. தோட்டத்தில் பேரிக்காய் பறித்தார். ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார். வாலிபத்திலிருந்து அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளைக் கெடுத்துவந்த ஒன்று அவரை விட்டுப் போய்விட்டது. நாரைகள் ஜெயித்தாலும் தோற்றாலும் அவருக்கு ஒன்றுதான்.

இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் அவர் மனைவி வைனெல். “பெரிய பெரிய ஆம்பிளைங்க, ஒரு பந்துக்காகச் சோத்துல கை வைக்காம உக்காந்திருக்கீங்களே” என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள். அவள் போய் நான்கு வருடமாகிறது. அவள் பக்கம் வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்ல அவளே இல்லை.

வேறு யாரிடம் சொல்வது? டன்மோரில் ஒருவர் சர்ச் மாறலாம், விவாகரத்து பண்ணலாம், ஏன், கட்சிகூட மாறலாம். கொஞ்ச நாள் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள். நாரைகளை விட்டவனை என்ன செய்வார்கள் என்பது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அப்படி ஒருவன் அந்த ஊரில் இருந்ததில்லை. ஆனால் திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டை அவரால் விட முடியவில்லை. நாரைகளின் ஆதரவாளர் சங்கம் சீசன் முழுக்க, திங்கள்தோறும், பாப்டிஸ்ட் சர்ச்சின் கீழ்க்கூடத்தில் கூடும். ஜெபம், பொரித்த கோழி, பட்டர் பீன்ஸ், சோளரொட்டி. பிறகு கோச் வந்து சனிக்கிழமைக் கதையைச் சொல்வார். கடைசியில் ஒரு விருந்தினர் பேசுவார். இந்த சீசனில் ரேடியோ வர்ணனையாளர் ஒருவர் வந்து தொண்டை கட்டிப் பேச முடியாமல் போனார். உணவு நிபுணர் ஒரு பெண் வந்து, வாயில் கோழிக்காலோடு இருந்த கூட்டத்திடம் பொரித்ததைச் சாப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். க்ளோவிஸுக்கு எல்லாரையும் பிடித்தது. வாரத்தில் அவர் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான்.

அதைவிட முக்கியம், அந்த நாற்காலி. சமையலறைக் கதவை ஒட்டிய மேஜை அவர்களுடையது. பஞ்சாலை நடத்தி ஓய்ந்த டப் ஃபாரியர் முதல் ஆளாக வந்து, க்ளோவிஸின் நாற்காலியை முன்னால் சாய்த்து, அதன் முதுகை மேஜை விளிம்பில் முட்டுக்கொடுத்து வைத்துவிடுவான். இது ஆள் உள்ள இடம் என்று அர்த்தம். கூடத்துக்குள் நுழைந்ததும் க்ளோவிஸின் கண் அதைத்தான் தேடும். தன்னை ஒருவன் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதற்கு அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே அத்தாட்சி அது. உண்மை தெரிந்தால் அந்த நாற்காலி நிமிர்ந்துவிடும் என்று அவர் உள்ளூர பயந்தார்.

அன்று துக்க முகத்தோடு கூடத்துக்குள் போனார். உள்ளே கல்யாண வீடு மாதிரி சத்தம். யாரோ மேஜையைத் தட்டினார்கள், யாரோ கல்லூரிப் பாட்டைப் பாடினார்கள்.

“என்னடா மூஞ்சி இது, எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி?” என்று டப் கத்தினான். “நேத்து சர்ச்சுக்கும் வரல. இப்படி ஜெயிச்சதுக்கு அப்புறம் எவனாவது வீட்டுல கிடப்பானா?”

க்ளோவிஸ் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். நேற்றெல்லாம் சளி என்று படுத்தே கிடந்துவிட்டார். மழையால் ஆட்டம் நடுராத்திரிவரை இழுத்திருக்கிறது. பேப்பர்காரன் அதுவரை நடந்ததை அச்சடித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

“பல்லு வலிடா” என்றார்.

“அப்படின்னா கோழியை இந்தப் பக்கம் தள்ளுங்க” என்றாள் ஒடெஸா பிக்கெட். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். அவள் மகன் ஒருகாலத்தில் நாரைகளுக்கு ஆடியவன். ஊரில் பாதிப் பேர் போல க்ளோவிஸும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

கோழியைக் கொடுத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று தெரிந்தால் சமாளித்துவிடலாம். ஆனால் எல்லாரும் ஆட்டத்தைப் பார்த்தவர்கள். ஒருவரும் முழுசாகச் சொல்லவில்லை. “அந்தக் கடைசி இதுல...” என்று ஒருவர் ஆரம்பித்தால் “ஐயோ, ஆமா!” என்று மற்றவர் முடித்துவிடுகிறார். “அவன் கை மட்டும்...” “அதைச் சொல்லு!” டப் மூன்று தடவை வாயைத் திறந்தான், மூன்று தடவையும் பக்கத்து மேஜைக்காரர் அவனுக்கு முன்னால் முடித்துவிட்டார். கடைசி இரண்டு நிமிடத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்பதற்கு மேல் க்ளோவிஸுக்கு எதுவும் தேறவில்லை.

பிறகு இனிப்பு வந்தது, பீக்கன் பருப்பு வைத்துச் சுட்ட பை. அதோடு ஒரு வழக்கமும் வரும். ஏதோ ஒரு தட்டின் அடியில் நீலப் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்திருப்பார்கள். அது கிடைத்தவர் எழுந்து, சனிக்கிழமை எந்த நேரத்தில் தன்னால் உட்கார முடியாமல் எழுந்து நின்றார் என்று சொல்லிவிட்டு, கோச்சிடம் முதல் கேள்வி கேட்க வேண்டும். க்ளோவிஸ் தட்டைத் தூக்கிப் பார்த்தார். பொட்டு இருந்தது. சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

“மாட்டிக்கிட்டான்!” என்று டப் எழுந்தே விட்டான். “தலைவரே, மைக்கை இங்க கொண்டாங்க!”

மைக் வந்தது. எதிரே கோச் ஸ்ட்ரிப்லிங் நின்றுகொண்டிருந்தார். ஜெயித்த மனுஷன் முகமாக அது இல்லை. ஒரு வாரம் தூங்காதவன் முகம். அவருக்குப் பக்கத்தில் அன்றைய விருந்தினர், ஓய்வுபெற்ற நடுவர் ஒருவர், யாரும் பேச்சுக் கொடுக்காததால் இரண்டாவது துண்டு இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சனிக்கிழமை நான் எழுந்து நின்னது...” என்று க்ளோவிஸ் ஆரம்பித்தார், “கடைசி ரெண்டு நிமிஷத்துலதான்.”

கூடம் கைதட்டியது. “எப்போ?” என்றார் சங்கத் தலைவர். “அவங்க உதைச்ச பந்தைத் தடுத்தப்பவா, அதுக்கு அப்புறமா?”

க்ளோவிஸ் டப்பைப் பார்த்தார். பல்வலிக்காரன் தடுமாறுகிறான் என்று நினைத்து டப் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஏதோ காட்டினான். நாரை பறப்பது போல இருந்ததே தவிர ஒன்றும் புரியவில்லை. ஒடெஸாவைப் பார்த்தார். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவனை எத்தனையோ வருடம் பார்த்துச் சலித்த கண் அது. சட்டென்று அவருக்கு எல்லாமே அலுத்துப்போயிற்று.

“ஜாம் பொங்கிட்டுது” என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை.

“அடுப்புல பேரிக்காய் ஜாம் வச்சிருந்தேன். பொங்கி வழிஞ்சுது. அப்பதான் எழுந்து நின்னேன். ஆட்டம் பாக்கல. இது மட்டுமில்ல, ரெண்டு வருஷமா ஒண்ணுமே பாக்கல. முழங்காலும் நல்லாத்தான் இருக்கு.”

முன்மேஜையிலிருந்து ஒருவர், “அப்போ திங்கக்கிழமையானா இங்க எதுக்கு வர்றீங்க?” என்றார். அதட்டல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

“சாப்பிட” என்றார் க்ளோவிஸ். அது போதாது என்று பட்டது. “உங்களோட சாப்பிட.”

கோச் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “பாக்காம இருந்தா எப்படி இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டார்.

“நல்லா தூக்கம் வருது, கோச்.”

கோச் கண்ணை இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தார். தோள் குலுங்கிற்று, அழுகிறாரோ என்று முன்வரிசை பயந்துவிட்டது. சிரிக்கிறார். “அந்த ஜாம்ல ஒரு பாட்டில் எனக்குக் கொடுங்க” என்றார். “தூக்கம் அதுலதான் இருக்குபோல.”

நடுவர் மெதுவாக எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். “யார் ஜெயிச்சாலும் எனக்கு ஒண்ணுதான்னு வாழ்க்கை பூரா சொல்லிப்பாத்தேன், ஒருத்தனும் நம்பல. இன்னிக்குத்தான் எனக்கு ஒரு கூட்டாளி கிடைச்சிருக்கார்” என்றார். கூடமே வெடித்துச் சிரித்தது. அந்த நடுவரைப் பார்த்து டன்மோர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

க்ளோவிஸ் உட்கார்ந்தார். உடம்பு லேசாகிவிட்டது. ஆனால் டப் சிரிக்கவில்லை. தன் தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவன், கூட்டம் முடியுமுன்னே தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

“பல்லுவலி எப்படி இருக்கு?” என்றாள் ஒடெஸா, கார் நிறுத்துமிடத்தில்.

“போயிடுச்சு, டீச்சர். டப்புக்கு ரொம்பக் கோவமா?”

“எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு வருஷம் அவர் பக்கத்துல உக்காந்து பொய் சொல்லியிருக்கீங்க. விடையை அவர்தான் சொல்லணும்.”

அந்த வாரம் முழுக்க க்ளோவிஸ் நிம்மதியும் பயமும் மாறி மாறி வர நடமாடினார். இனி பேப்பரை மனப்பாடம் செய்ய வேண்டாம், நொண்ட வேண்டாம். அதை நினைத்தால் விசில் அடிக்கத் தோன்றியது. இரண்டு தடவை அடிக்கவும் செய்தார். ஆனால் டப் ஃபோன் பண்ணவில்லை. இவர் பண்ணினால் எடுக்கவும் இல்லை. சனிக்கிழமை வந்தது, போனது. ஞாயிறு காலை பேப்பரை ரப்பர் வளையத்தைக்கூடக் கழற்றாமல் அப்படியே போட்டுவிட்டார். சர்ச்சிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து முதல் ஆளாக வெளியே வந்துவிட்டார்.

திங்கள் மதியம் ஜாம் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு காரிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஜெபம் முடிந்து கரண்டிச் சத்தம் கேட்டபிறகுதான் இறங்கினார். கதவை ஒரு சாண் திறந்து, திருடன் மாதிரி உள்ளே எட்டிப் பார்த்தார்.

நாற்காலி சாய்ந்திருந்தது.

அதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். போய் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். டப் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

“லேட்டு” என்றான்.

“ஆமா.” க்ளோவிஸ் ஒரு பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினார். இரண்டு வருடமாக அந்த மேஜையில் கேட்க முடியாமலிருந்த ஒரு கேள்விதான் வாயில் வந்தது. “சனிக்கிழமை யாருடா ஜெயிச்சது?”

டப்பின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. “நிஜமாவே தெரியாதா?”

“தெரியாது.”

“பேப்பர்?”

“பிரிக்கவே இல்ல.”

“மொத உதையில என்ன ஆச்சுன்னுகூடத் தெரியாது?”

“ஒண்ணுமே தெரியாதுடா.”

டப் இடமும் வலமும் பார்த்தான், கீழே கிடக்கும் பண நோட்டைக் கண்டவன் மாதிரி. “டீச்சர், நீங்க வாயைத் திறக்கக்கூடாது, சொல்லிட்டேன்” என்றான். கோழித் தட்டை ஒதுக்கினான். பக்கத்து மேஜையிலிருந்து உப்பு, மிளகு குப்பிகளையும் அள்ளிக்கொண்டு வந்தான். “ஊரே பாத்துத் தொலைச்சிருதுடா. யார்கிட்ட சொல்றது? நான் ஆரம்பிச்சாலே என் பொண்டாட்டி எழுந்து போயிடறா. இங்க நீ ஒருத்தன், ஒண்ணுமே தெரியாம, முழு ரெண்டு வருஷம் என் பக்கத்துலயே உக்காந்திருந்திருக்க. ரெண்டு வருஷத்தை வீணாக்கிட்டியேடா பாவி!”

சோளரொட்டியைப் பிட்டு மேஜைத் துணியின் குறுக்கே எல்லைக்கோடு போட்டான். உப்புக் குப்பிகள் நாரைகள். மிளகுக் குப்பிகள் எதிரணி. முதல் உதையிலிருந்து ஆரம்பித்தான், ஒன்றையும் விடவில்லை. பந்தை நழுவவிட்டவனின் அப்பா அரங்கத்தில் எப்படித் தலையில் கை வைத்தார் என்பதுகூட வந்தது. கோச் அங்கே பேச எழுந்தார், இவர்கள் கவனிக்கவில்லை. ஒடெஸா கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூலை உடைந்த ஒரு உப்புக் குப்பி பந்தை இடுக்கிக்கொண்டு, இரண்டு சாஸ் பாட்டில்களுக்கு நடுவே வளைந்து, ஒரு மிளகுக் குப்பியைத் தட்டிவிட்டு, தனியாக, ஒருவரும் இல்லாத வெள்ளைத் துணியில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலேயே இன்னொரு மிளகுக் குப்பி துரத்திக்கொண்டு வந்தது.

“ஓடுடா!” என்று ஒரு சத்தம் கேட்டது. தன் சத்தம்தான் என்று க்ளோவிஸுக்குத் தெரியக் கொஞ்ச நேரமாயிற்று. கூடம் முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது. மடியிலிருந்த நாப்கின் தரையில் கிடந்தது. நாற்காலி பின்னால் தள்ளிப்போயிருந்தது. அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

டப் உப்புக் குப்பியை சோளரொட்டிக் கோட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் அந்தரத்தில் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தான்.

“உக்காருடா” என்றான். “இன்னும் முடியல.”