அரை மூச்சு

பொன்னேரி ஸ்டேஷனில் மணவாளன் என்னைப் பார்க்கச் சொன்னது கருவாட்டு டப்பாவின் மூடியை. எங்களோடு ஸ்டேஷனுக்கு வந்திருந்த என் தங்கை அஞ்சம்மாள், அதாவது அவன் மனைவி, வஞ்சிரக் கருவாட்டைப் பழைய வேட்டியில் நாலு சுற்றுச் சுற்றித் தகர டப்பாவில் அடைத்திருந்தாள்.

"மச்சான், மூடி கெட்டியா கீதா பாரு. கப்பல்ல வாசன கெளம்பிச்சின்னா பாதி பேரு கடல்ல குதிச்சிடுவான்."

"குதிக்கட்டும். ஒரு டிக்கெட்டு காலியாவும்," என்றேன்.

அவன் சிரித்தான். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். மூடியை அழுத்திப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக டப்பாவை உள்ளே கொடுத்தேன். மெட்ராஸ் போகும் பாசஞ்சர் ஊதியது. அங்கிருந்து துறைமுகம், துறைமுகத்திலிருந்து பினாங்கு. வண்டி அசைந்ததும் மணவாளன் தலையை வெளியே நீட்டி, பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி பாடினான்:

"இன்னா வருது மச்சான்?"

அது அவன் கட்டிய பாட்டின் வரி. அதற்குப் பதில் பாட வேண்டியவன் நான். "இழு, வந்தா தெரியும்" என்று பாட வேண்டும். அவ்வளவுதான் என் பங்கு. நான் ஸ்டேஷன் பெயர்ப்பலகையை, முதல்முறை பார்ப்பவன் போல, மூன்று மொழியிலும் வாசித்துக்கொண்டு நின்றேன். அவன் புருவத்தை உயர்த்தினான். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று, தை மாதம்.

நாங்கள் பழவேற்காட்டுக்காரர்கள். கடற்கரையில் பெரிய வலை இழுக்கும்போது இரண்டு கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருவன் பாட்டில் கேட்பான். மற்றவர்கள் கயிற்றை ஒரு முழம் இழுத்து முடித்த பிறகுதான் பதில் சொல்வார்கள். இழுக்கும்போது வாய் திறந்தால் பலம் போய்விடும். அதனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அரை மூச்சு இடைவெளி விழும். மணவாளனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கயிற்றைப் பிடித்தபடியே பாட்டுக் கட்டுவான். இரவு என் வீட்டுக்கு வந்து சொல்லுவான், நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். நான் எட்டாவது வரை படித்தவன். அந்தப் படிப்புதான் பின்னால் என்னை வலையிலிருந்து பிரித்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையின் எடைமேடையில், லாரிக்குச் சீட்டு எழுத உட்கார வைத்தது. அவன் வலையிலேயே இருந்தான். கல்யாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் அவன் பாட, நான் பதில் பாட, மெட்ராஸிலிருந்து ஒருவர் கேட்டுவிட்டுப் போய், பத்துப் பாட்டுகள் கொண்ட பெரிய இசைத்தட்டு போடலாம் என்று ஆள் அனுப்பினார்.

ஒலிப்பதிவு ஒரே நாளில் நடந்தது. ஒன்பது பாட்டுகளுக்குத் தொந்தரவில்லை. இந்த "இன்னா வருது மச்சான்" பாட்டில் மட்டும் நான் ஒவ்வொரு தடவையும் தாமதமாகவே பதில் பாடினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பதிவுக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"ஏன்யா, அவரு கேக்கறது உன் காதுல விழலியா? தூங்கறியா?"

"முழிச்சிக்கினுதான் சார் கீறான்," என்றான் மணவாளன். "அவன் கையில கயிறு இல்ல, அதான் பேஜாரு."

தன் துண்டின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறு முனையை அவன் பிடித்துக்கொண்டான். அதை இழுத்துவிட்டுப் பாடினேன். இன்னும் தாமதமானது. ஆர்மோனியம் வாசித்த வரதன் பெட்டிமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். நேரம் முடிந்துபோனதால் அப்படியே விட்டுவிட்டார்கள். தட்டு வெளிவந்தபோது அட்டையில் மணவாளன் பெயர் மட்டும் இருந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

பினாங்கில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ஒரு தமிழர்தான் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார். பினாங்கு, ஈப்போ, கிள்ளான், சிரம்பான், சிங்கப்பூர் என்று ஐந்து ஊரில் கச்சேரி. வாசலில் புதுத் தட்டை விற்றுக்கொள்வது அவர் கணக்கு. ஐந்து பேருக்கு டிக்கெட். மணவாளன், வரதன், தபேலா, பிடில், ஐந்தாவது நான் என்றுதான் பேச்சு. பாஸ்போர்ட்டுக்காகப் போட்டோகூட எடுத்தேன், வாழ்க்கையில் முதல்முறையாகக் கோட்டு போட்டு. பிறகு அங்கிருந்து எழுதினார்கள்: மேடையில் ஒரு பெண் குரல் இருந்தால் கூட்டம் வரும். நாடகங்களில் பாடிக்கொண்டிருந்த ரோசம்மாளைச் சேர்த்தார்கள். என்னைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"சிங்கப்பூருக்கு உன்ன எப்டியும் இஸ்துக்குவேன் மச்சான். அங்க போயி கடைக்காரராண்ட பேசறேன்," என்றான் மணவாளன்.

"நான் இன்னா வலையா, இஸ்துக்கறதுக்கு?" என்றேன்.

அவன் போன பிறகு என்னால் எடைமேடையில் உட்கார முடியவில்லை. ஒரு லாரி மேடையில் ஏறி முள் நிற்பதற்குள் எழுந்து வாசல்வரை போய்வருவேன். இருமுறை வெறும் வண்டியின் எடையைச் சரக்கு வண்டியின் இடத்தில் எழுதினேன். வேலை விட்டதும் நேராக வீட்டுக்குப் போகாமல் பொன்னேரியில் இறங்குவேன், காரணமில்லாமல் கடைத்தெருவில் நடப்பேன், கடைசி பஸ்ஸில் பழவேற்காடு போவேன். கச்சேரி நாட்களை நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அந்தந்த மாலையில், இப்போது மேடையேறியிருப்பான், இப்போது அந்தப் பாட்டு, இப்போது எவனோ என் வரியைப் பாடுகிறான் என்று தோன்றும். அந்த எவனோ நேரத்துக்குச் சரியாகப் பாடிவிடுவான் என்பதுதான் அதிகம் உறுத்தியது.

ஈப்போவிலிருந்து நீலக் கடிதம் வந்தது. அவன் சொல்ல வரதன் எழுதியது. கடிதத்தில் பாதி கருவாடு. கப்பலிலேயே தீர்ந்துவிட்டதாம், முகம் சுளித்தவர்களே கேட்டு வாங்கித் தின்றார்களாம். மீதியில் இது இருந்தது:

"இங்க நீ இல்லாம பதில் பாடறதுக்கு உள்ளூர் ஆளுங்க நாலு பேரு. ரிக்கார்டப் போட்டுப் போட்டுப் படிச்சிக்கினு வந்துக்கிறானுங்க. நாலு பேரும் உன்ன மாதிரியே லேட்டு. சீக்கிரமா பாடுங்கடான்னா, அண்ணே பாட்டே அப்டித்தானேன்றானுங்க. கூட்டமும் அதே மாதிரி நின்னு, அப்பறமா பாடுது. தோட்டத்து ஜனங்க, ரெண்டாயிரம் பேரு கீறாங்க மச்சான். நம்ம கரையில நிக்கிற மாதிரி கீது. பதில் போடு."

பொன்னேரி தபாலாபீசில் ஒரு நீலத்தாள் வாங்கினேன். சிங்கப்பூர் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அதைக் கேட்டு எழுதுவதா, கேட்காமல் எழுதுவதா? "அன்புள்ள மச்சான் மணவாளனுக்கு" என்று எழுதி, எடைமேடை மேசையின் இழுப்பறையில் வைத்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தேன். அடுத்த நாளும் பார்த்தேன். ஒன்பது நாள் அதே ஒரு வரி. பத்தாம் நாள் ஆலை ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். அவசரச் செய்திக்குப் பழவேற்காட்டைவிட அது பத்திரமான விலாசம் என்று நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

தந்தி ஆங்கிலத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் போதுமானதாக இருந்தது. கிள்ளான் கச்சேரி முடிந்து மறுநாள் காலை, சிரம்பான் போகும் பஸ்ஸில், உட்கார்ந்தபடியே. மாரடைப்பு. வயது முப்பத்தாறு.

அன்று பழவேற்காடு போக மூன்று பஸ் மாறினேன். தடாவிலிருந்து வந்த ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து, நெல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். நானும் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைவு. அஞ்சம்மாள் வாசலில் இறால் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பகல் நேரத்தில் என்னைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்தபடி எழுந்தாள்.

"இன்னாண்ணா, இந்நேரத்துக்கு? அவுராண்டருந்து கடுதாசி வந்துச்சா?"

வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். ஆனால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. அப்படியே இறால்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

உடலைக் கொண்டுவர வழியில்லை. கிள்ளானிலேயே எரித்து, சாம்பலை அங்கேயே கடலில் விட்டார்கள். வரதன் அடுத்த கப்பலில் திரும்பி, மணவாளனின் பெட்டியை வீட்டில் கொடுத்துவிட்டு, என்னோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார். எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. அதைப் பாதி வழிக்கு மேல்தான் கேட்டேன்.

"என்னப் பத்தி எதனா சொன்னானா?"

வரதன் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"தனியா ஒண்ணும் சொல்லலப்பா. அந்தப் பாட்டு வரும்போது மட்டும் எடது பக்கமாத் திரும்பிக் கேப்பான். அந்தப் பக்கம் ஆளே இருக்காது, பாடறவங்க வலது பக்கம். நான்கூட சொன்னேன், ஜனங்களப் பாத்துப் பாடுயான்னு. சரிம்பான். மறுபடியும் திரும்புவான்."

வலை இழுக்கும்போது அவனுக்கு இடது பக்கம் நிற்பவன் நான். சிங்கப்பூர் டிக்கெட்டைப் பற்றி அவன் யாரிடமாவது பேசினானா என்று நான் கேட்கவில்லை.

அஞ்சம்மாளும் ஏழு வருஷம் எதையும் கேட்கவில்லை. ஏழாம் வருஷம் ஒருநாள், அவள் பிள்ளையின் பள்ளிக்கூடச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டு, பொன்னேரி ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் நின்றிருந்தோம். கடைக்காரன் அந்தத் தட்டைப் போட்டான். நாங்கள் யாரென்று அவனுக்குத் தெரியாது. நிறுத்தச் சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். மூன்று பாட்டுகள் ஓடின.

"ரயிலு கெளம்பச்சொல்லோ அவுரு கேட்டாரே," என்றாள் தண்டவாளத்தைப் பார்த்தபடி. "நீ ஏண்ணா பதில் பாடல?"

"வண்டி சத்தத்துல கேக்கலம்மா."

"எனக்குக் கேட்டுதே."

கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நாலாவது பாட்டு தொடங்கியது. தட்டு நிறையத் தேய்ந்திருந்தது. ஊசி கரகரவென்று ஓடியது. மணவாளன் கேட்டான்: "இன்னா வருது மச்சான்?"

கரகரப்பு. டீ ஆற்றுகிற சத்தம். அரை மூச்சு.

பிறகு என் குரல் வந்தது.