சங்குக்கு ஆடாத பலகை

பட்டறைச் சங்கு ஊதினால் சாய்ந்து விழுகிறவள் விருத்தாசலத்திலேயே நான் ஒருத்திதான். எங்கள் பீங்கான் பட்டறையில் சுடாத பொம்மைகளைப் பலகையில் அடுக்கி, தலையில் வைத்துச் சூளைக்குக் கொண்டுபோவது என் வேலை. மூன்று முறை சாப்பாட்டுச் சங்கு ஊதும்போது தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூன்று பலகை பொம்மைகளும் தூள்.

"உபகாரமேரி, உனக்கு வலிப்பு. சூளைகிட்ட வலிப்புக்காரிக்கு வேலை கெடையாது. அது இல்லன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா வா" என்றார் மேஸ்திரி பாண்டியன். பதினாறு வருஷம் சுமந்த கழுத்து இது!

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் காது சோதிக்கும் சாருலதா மேடம் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் ஒயர் ஒட்டி, ஹெட்போன் மாட்டினார்.

"நம்மள நேரா நிக்க வைக்கிற உறுப்பு காதுக்குள்ளதாம்மா இருக்குது. சத்தம் குடுத்தா கழுத்துச் சதை துடிக்கணும். தலையைத் திருப்பிக் கழுத்தை இறுக்குங்க."

டக், டக், டக். திரையில் கோடு நேராகவே ஓடியது. "ரெண்டு காதுலயும் ஒண்ணும் வரலையே" என்றார். போச்சு, என் பிழைப்பே போச்சு என்று கண் கலங்கியது.

அவர் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "துளிகூட இறுகலையேம்மா?"

"இறுக்கினா பலகை ஆடும் மேடம். தளர விட்டுத்தான் எங்களுக்குப் பழக்கம்."

"ஐயோ, இங்க ஏதும்மா பலகை!" என்று சிரித்துவிட்டார்.

பிறகு படுக்கவைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொன்னார். அப்படித் தூக்கினால் கழுத்து தானாக இறுகுமாம். மற்றவர்கள் அரை நிமிஷத்தில் தலையைக் கீழே போட்டுவிடுவார்களாம். நான் போடுவேனா? வலது காதில் மெல்லிய சத்தத்துக்கே கோடு எகிறிக் குதித்தது. அறையும் சாய்ந்தது. "இதுதான்! இதேதான்!" என்று மேடம் கத்தினார்.

ஸ்கேன் பார்த்த டாக்டரும் அதையே சொன்னார். வலது காதுக்குள் எலும்பில் சின்ன ஓட்டை. அதனால் சத்தம் வந்தால் நேராக நிற்கவைக்கும் அந்த உறுப்பு ஆடிவிடுகிறது. வலிப்பு இல்லை. காதை அடைத்துக்கொண்டு லேசான சுமை தூக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை மேஸ்திரியிடம் டாக்டர் சீட்டைக் கொடுத்தேன். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் பலகையைத் தலையில் ஏற்றினேன். பன்னிரண்டு குதிரை பொம்மைகள். பட்டறையே வேடிக்கை பார்த்தது. சங்கு அலறியது. மேஸ்திரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். தரை அசையவில்லை. நேராக நடந்துபோய்ச் சூளை வாசலில் பலகையை இறக்கினேன்.

"கையை மடக்குங்க மேஸ்திரி" என்றேன். "பன்னெண்டு குதிரையும் நின்னுக்கிட்டுதான் இருக்குது. நானுந்தான்."