அந்த வருடம் திவசம் இல்லை

அருந்ததிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று புதுக்குடியிருப்பில் ஒரு பெயர் இருந்தது. அதில் அப்படியொன்றும் பெருமை இல்லை. பொய் சொல்லிக் காப்பாற்றும் அளவுக்கு அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான். கொஞ்சம் கச்சான் கடலைத் தோட்டம், மழைக்கு ஒழுகும் கூரை, அக்காவின் மகள் யதுர்ஷிகா. இவற்றை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்னத்தைப் புளுகுவது?

உண்மையைச் சொன்னால், திவசம் இல்லாத அந்த வருடத்துக்கு முன் ஒரேயொரு பொய் சொல்லியிருந்தாள். யுத்தம் முடிந்து செட்டிகுளத்தில் முகாமுக்குள் கிடந்த காலம் அது. அக்கா அருள்மதி ஷெல் பட்டுச் செத்துப்போயிருந்தாள். பிள்ளை கைக்குழந்தை. தகப்பன் யோகநாதன் பிள்ளை பிறக்கும் முன்பே கட்டாருக்கு வேலைக்குப் போனவர், பிறகு எப்படியோ கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளைப் பிரித்து எங்கோ விடுதிக்கு ஏற்றுகிறார்கள் என்று முகாமில் ஒரு கதை அடிபட்டது. மெய்யோ பொய்யோ, யார் கண்டது. பிறப்புப் பதியக் கேட்டபோது தகப்பன் பெயரைச் சரியாகச் சொன்ன அருந்ததி, தாயின் பெயருக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டாள். அந்த வரிசையில் நின்ற இன்னும் சில பெண்களும் அதைத்தான் செய்தார்கள். பிள்ளை கையை விட்டுப் போகக் கூடாது என்பதுதான் எல்லாருக்கும் அன்றைக்கு இருந்த சட்டம்.

வீட்டுக்குள் அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. யதுர்ஷிகாவுக்கு விபரம் தெரிந்த நாளிலிருந்து அருள்மதியின் படம் நடு அறைச் சுவரில் மாலையோடு இருந்தது. அருந்ததி அவளுக்கு அம்மா, படத்தில் இருப்பவர் படத்து அம்மா. வருடா வருடம் திவசத்துக்கு ஒழுங்கைச் சனம் முழுக்க வந்து சாப்பிட்டுப் போகும். பிள்ளையை வளர்க்கிறேன் என்று அருந்ததி கலியாணமும் செய்துகொள்ளவில்லை. அதற்காக யாரும் அவளைப் பாவம் பார்த்தால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும்.

யதுர்ஷிகாவுக்குப் பதினேழு வயதானபோது யோகநாதனுக்குக் கனடாவில் நிரந்தர வதிவிடம் கிடைத்தது. அவர் வட்ஸ்அப்பில் எடுத்து அழுதார்.

"அருந்ததி, பிள்ளையைக் கூப்பிடப் போறன். அங்க நம்பிக்கையான லோயர் ஒராளைப் பார். ஏஜென்சிக்காரரிட்டப் போயிடாதை. ஏமாத்திப் போடுவாங்கள்."

"ஓம் அத்தான்," என்றாள். அவளுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஃபோனை வைத்த பிறகு சுவரில் அக்காவின் படத்தைப் பார்த்தாள். பிள்ளையை முகாமில் ஒருவரிடமும் கொடுக்காமல் காப்பாற்றியது கடைசியில் இதற்குத்தானா என்று நினைத்தாள். நினைத்ததற்காக உடனேயே வெட்கப்பட்டாள்.

முல்லைத்தீவில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் இருந்தார் சட்டத்தரணி சுதாஜினி. மாதர் சங்கத்தில் நாலு பேர் நல்லவர் என்று சொன்ன ஆள். அருந்ததியை விடப் பத்து வயது குறைவு இருக்கும். எல்லாவற்றையும் கேட்டு முடியும்வரை அவர் குறுக்கே பேசவில்லை.

"அக்கா, கொஞ்சம் சிக்கல்தான். ஆனா நேர் வழி இருக்கு," என்றார். "தகப்பனுக்கும் மகளுக்கும் டி.என்.ஏ. பாக்கலாம். நீங்கள் ஒரு சத்தியக் கடதாசி தரோணும். பெத்த தாய் அருள்மதி, நான் அவவின்ர தங்கச்சி, முகாமில பயத்தில என்ர பேரைக் குடுத்தனான் எண்டு. நடந்ததை நடந்தபடி சொன்னா விளங்கிக்கொள்ளுவினம்."

"அப்ப நான், மிஸ்?"

"நீங்கள் என்ன அக்கா?"

"எனக்கும் போக வழி இல்லையோ?"

சுதாஜினி இல்லை என்று தலையாட்டினார். "இதில இல்லை. அவர் மகளைத்தான் கூப்பிடலாம். இருக்கு எண்டு சொல்லி உங்களை அலைய விட எனக்கு விருப்பமில்லை." பிறகு ஒரு விரலைத் தூக்கிக்காட்டிச் சொன்னார்: "ஒண்டு மட்டும் கவனம். மனுசி செத்திட்டா, மகள் மனுசியின்ர தங்கச்சியோட இருக்கிறாள் எண்டு அவர் அங்க போன புதிசிலயே சொல்லியிருக்கிறார். அது அவையிட்ட எழுத்தில இருக்கும். இப்ப போய் மாத்திச் சொன்னா, பொய் எண்டு பிடிச்சுப் பிள்ளைக்கு வருசக்கணக்கில தடை போடுவினம். தடை முடியேக்க பிள்ளைக்கு வயசு கடந்திடும். பிறகு ஆராலயும் ஒண்டும் செய்யேலாது."

நல்ல சட்டத்தரணி இப்படித்தான் இருப்பார். நாம் கேட்க ஆசைப்படுவதைச் சொல்ல மாட்டார். அதனால்தான் அப்படிப்பட்டவர்களின் அறைகளில் கூட்டம் குறைவு. அருந்ததி கும்பிட்டு எழும்பினாள். அடுத்த கிழமை வருகிறேன் என்று சொன்னாள். வரவில்லை.

அவள் போனது வவுனியாவுக்கு. அங்கே நிரஞ்சன் என்பவனின் அலுவலகத்தில் குளிரூட்டி இருந்தது, கண்ணாடி மேசை இருந்தது, மேசையில் குட்டிக் குட்டிக் கொடிகள் இருந்தன. அவன் பிறப்புச் சான்றிதழை எடுத்து ஒருமுறைதான் பார்த்தான்.

"அக்கா, லோயர்மார் கோடு கச்சேரி எண்டு இழுத்தடிப்பினம். இதில என்ன பிரச்சினை? பேப்பரில நீங்கள்தானே தாய். அவர் தகப்பன். நடுவில ஒரு கலியாணப் பதிவுதானே குறையுது. பழைய திகதியில அதை நான் எடுத்துத் தாறன். மனுசியும் மகளும் ஒரே பிளேனில போகலாம்."

மனைவி செத்தால் அவளுடைய தங்கையைக் கட்டுவது ஊரில் புதினம் இல்லை. அந்தக் காலத்தில் ஒன்றிரண்டு பேர் அருந்ததிக்கே அதைச் சொல்லிப் பேச்சு வாங்கியிருக்கிறார்கள். இப்போது அவளுக்குக் கோபம் வரவில்லை. யோகநாதன் அவள் மனத்தின் எந்த மூலையிலும் இல்லை. பிளேனில் யதுர்ஷிகாவுக்குப் பக்கத்து ஆசனம்தான் இருந்தது.

அவளை நிரஞ்சன் ஏமாற்றினான் என்று பிறகு யாராவது சொன்னால் அது பிழை. அவன் சொன்னது நடக்காது என்று அவளுக்குத் தெரியும். சுதாஜினி தூக்கிக்காட்டிய விரல் பஸ் பயணம் முழுக்கக் கண்ணுக்குள் நின்றது. பிள்ளைக்குத் தடை விழும் என்றும் தெரியும். விழுந்தால் பிள்ளை இங்கேயே இருக்கும் என்ற நினைப்பும் வந்தது. அந்த நினைப்பு வந்தபோது அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

அன்றைக்கே யோகநாதனுக்கு எடுத்தாள்.

"நான் இங்க அருள்மதி செத்திட்டா எண்டெல்லோ சொன்னனான்," என்று அவர் தயங்கினார்.

"அது பிரச்சினை இல்லையாம் அத்தான். லோயர் மிஸ்தான் சொன்னவா. இதுதான் வழியாம்."

"அப்ப சரி. நீ சொன்னா சரி. என்ர பிள்ளையை வளத்தனி, உனக்குத் தெரியாததே?"

அவர் அப்படிச் சொல்லாமல் ஏசியிருக்கலாம். யதுர்ஷிகாவிடமும் அதே பொய்யைச் சொன்னாள். பிள்ளை துள்ளிக் குதிக்காத குறை. "அப்ப நீங்களும் வாறியளோ அம்மா? நான் தனியப் போகோணுமெண்டு நினைச்சு எவ்வளவு பயந்தனான் தெரியுமோ?" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

நிரஞ்சன் ஃபோனிலேயே பாடம் நடத்தினான். விசா நேர்முகத்தில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும். அம்மா யார், அப்பா அம்மாவுக்குக் கலியாணம் எப்போது, அருள்மதி யார். படத்தைக் கழற்றச் சொன்னான். யதுர்ஷிகா கதிரையில் ஏறி அவளே கழற்றினாள், மாலையை எடுத்துவிட்டு ஒரு சீலையில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தாள். சுவரில் சதுரமாக ஒரு வெள்ளை தெரிந்தது. அங்கே ஒரு கலண்டரைக் கொழுவினாள்.

பிள்ளை கெட்டிக்காரி. கோழிக்குத் தீன் போடும்போதும் சொல்லிப் பார்ப்பாள், தலை பின்னும்போதும் சொல்லிப் பார்ப்பாள். "அருள்மதி எண்டு ஒருத்தரையும் எனக்குத் தெரியாது." முதல் இரண்டு மூன்று நாட்கள் அந்த இடத்தில் திக்கினாள். பிறகு திக்கவில்லை. அருந்ததி குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டு வெங்காயம் வெட்டுவாள். கண்ணீருக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

இதற்கிடையில் திவசம் வந்தது.

"இந்த முறை வேண்டாம் அக்கா," என்றான் நிரஞ்சன். "சனம் கூடினா ஆராவது படம் எடுத்துப் பேஸ்புக்கில போடும். வாற திங்கள் வந்து கையெழுத்து வையுங்கோ, எல்லாத்தையும் ஒண்டா அனுப்பிவிடுறன்."

கதவைச் சாத்திக்கொண்டு தாங்கள் இரண்டு பேருமாவது படைப்போம் என்றுதான் அருந்ததி நினைத்திருந்தாள். விடிய எழும்பிப் பூசணிக்காயும் வாழைக்காயும் எடுத்து வைத்தாள். சந்தைக்குப் போய் வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போன யதுர்ஷிகா பையில் மீனோடு வந்தாள்.

"என்ன பிள்ளை இது? இண்டைக்கு என்ன நாள்?"

"தெரியுமம்மா. அதுதான் வாங்கினனான். பக்கத்து வீட்டு ஆக்கள் பார்த்தா சும்மா நாள் மாதிரி இருக்கட்டும்." அவள் பையைக் குசினி வாசலில் வைத்தாள். "படத்து அம்மா கோவிக்க மாட்டா. நீங்கள் என்னோட வரோணும் எண்டுதானே செய்யிறம்."

மீன் குழம்பு வாசம் ஒழுங்கை வரைக்கும் போனது. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டி, இந்த முறை திவசச் சமையல் இல்லையோ என்று கேட்டாள். மூக்கைச் சுளித்ததை மறைக்கவும் இல்லை. அருந்ததி தனக்குக் காய்ச்சல் என்றாள். பிள்ளை இரண்டு பேருக்கும் சோறு போட்டு, நல்ல துண்டாகப் பார்த்து அருந்ததியின் சோற்றுக் கோப்பையில் வைத்தது. அருந்ததி தின்றாள். தின்னாமல் எழும்பினால் பிள்ளை ஏன் என்று கேட்கும். அக்காவின் நாளில் அக்காவின் பிள்ளை சமைத்த மீனை அவள் ஒவ்வொரு வாயாக விழுங்கினாள். அவளுக்குத் தன்னை நினைத்து அருவருப்பாக இருந்தது. நாலு நாள் கழித்தும் அந்த ருசி நாக்கை விட்டுப் போகவில்லை.

ஞாயிறு பின்னேரம் சுதாஜினிக்கு எடுத்தாள். "மிஸ், நான் ஒரு பிழை விட்டிட்டன்," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்ர பேரைச் சொல்லியோ அக்கா செய்தனீங்கள்?" என்றார் சுதாஜினி. குரல் உயரவில்லை, அதுதான் சுட்டது. "எங்கயும் கையெழுத்து வச்சிட்டீங்களோ?"

"இல்லை மிஸ். நாளைக்குத்தான்."

"அப்ப நாளைக்கு வவுனியாவுக்குப் போகாதேங்கோ. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இஞ்ச வாங்கோ. பிள்ளைக்கு நீங்கள்தான் சொல்லோணும். நான் சொல்ல மாட்டன்."

பஸ்ஸில் சொல்வோம் என்று நினைத்தாள். பஸ்ஸில் சனம். இறங்கி நடக்கும்போது சொல்வோம் என்று நினைத்தாள். யதுர்ஷிகா கனடாவில் குளிருக்கு என்ன உடுப்புப் போடுவது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நீதிமன்றத்து வேலியைக் கண்டதும் அருந்ததி நடையைக் கூட்டினாள். நேர்முகம் மாதிரி ஏதோ கேட்கப் போகிறார்களா என்று பிள்ளை கேட்டதற்கு, "உள்ளுக்கை போய்க் கதைப்பம்," என்று மட்டும் சொன்னாள். துணிவில்லாதவள் அப்படித்தான் சொல்வாள்.

சுதாஜினி இரண்டு பேரையும் இருத்தினார். அருந்ததி சொல்லியிருப்பாள் என்று நினைத்திருக்க வேண்டும். பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சத்தியக் கடதாசிக்குத் தாளை எடுத்தார்.

"பயப்பிட வேண்டாம். முதல் சும்மா ஒண்டு கேக்கிறன். உம்மட அம்மாவின்ர பேர் என்ன?"

யதுர்ஷிகா நிமிர்ந்து இருந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அருந்ததி. நான் பிறந்ததிலயிருந்து அம்மாவோடதான் இருக்கிறன். அருள்மதி எண்டு ஒருத்தரையும் எனக்குத் தெரியாது."

ஓரிடத்திலும் திக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, சரியா என்று கேட்பதுபோல அருந்ததியைப் பார்த்தாள்.

சுதாஜினி பேனையை மேசையில் வைத்துவிட்டார். அவரும் அருந்ததியைத்தான் பார்த்தார்.

"பிள்ளை," என்றாள் அருந்ததி. இரண்டாம் முறையும் "பிள்ளை" என்றாள். "மிஸ் அப்பிடிச் சொல்லச் சொல்லேல்லை. மிஸ் தொடக்கத்திலயே உள்ளதைச் சொல்லச் சொன்னவா. உன்னைக் கூப்பிட நேர் வழி இருந்தது. எனக்குத்தான் அதில இடமில்லை. நானும் வரோணும் எண்டு நான் பொய் சொன்னனான். உனக்கும் சொன்னனான், அப்பாவுக்கும் சொன்னனான். அந்த வவுனியாப் பொடியன் சொன்னபடி செய்தா உன்னை விடவே மாட்டினம் எண்டு எனக்குத் தெரியும்."

யதுர்ஷிகா நகத்தால் கதிரைக் கையைச் சுரண்டினாள்.

"அப்ப படத்து அம்மாவைத் தெரியாது எண்டு நான் சொல்லத் தேவையே இருக்கேல்லை," என்றாள்.

"தேவை இருக்கேல்லை."

பிள்ளை அழும், ஏசும், எழும்பி ஓடும் என்று அருந்ததி எதிர்பார்த்தாள். எதையும் வாங்கிக்கொள்ள ஆயத்தமாக இருந்தாள். யதுர்ஷிகா அவளைப் பார்க்கவே இல்லை. சட்டத்தரணியின் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், அதைத் திருப்பிக் கேளுங்கோ."

சுதாஜினி பேனையை எடுத்தார். "உம்மட அம்மாவின்ர பேர் என்ன?"

"அருள்மதி," என்றாள். இந்த முறை திக்கியது. "செத்துப்போனா. போன கிழமை அவவின்ர திவசம். நாங்கள் மீன் சாப்பிட்டனாங்கள்."